பேஸ்மென்ட்டில் ஒரு மனைவி

அத்தியாயம் 5

வினிபெக்கில் ஜனவரி மாதம், காலை ஒன்பது மணிக்கு ஒருத்தி துப்பறியும் அலுவலகத்தைத் தேடி நேரில் வருகிறாள் என்றால் விஷயம் நிஜமாகவே பெரியது. மைனஸ் முப்பத்து நாலு டிகிரியில் சாதாரணக் கவலைக்காரர்கள் போனிலேயே கவலைப்பட்டுவிட்டு வைத்துவிடுவார்கள்.

வந்தவள் பெயர் மார்னி ஸ்வைன்சன். வயது முப்பத்து மூன்று. முதியோர் இல்லத்தில் உதவியாளர். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, காலுறையோடு நடந்து வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ரொம்ப வருஷம் வாடகைக்கு இருந்தவர்கள் எந்த நாற்காலியிலும் நுனியில்தான் உட்காருவார்கள்.

"மேடம், நான் யாருக்கும் பொண்டாட்டி இல்லைன்னு நிரூபிக்கணும். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள."

ஹால்யா பிரிஸ்டுபா நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பத்தாறு வயது. பதினாறு வருஷம் வருமான வரி இலாகாவில் இருந்தவள். ஜனங்கள் சொல்லும் பொய்யை அரசாங்கச் செலவில் கேட்டது போதும், இனி அவரவர் செலவில் கேட்கலாம் என்று வெளியே வந்து இந்த அலுவலகத்தைத் திறந்தவள்.

மூலையில் சிக்கனை இனிப்புச் சாஸில் தோய்த்துக் காலை உணவாகத் தின்றுகொண்டிருந்த டிண்டோ கையைத் துடைத்துக்கொண்டான். உதவியாளன். வயது இருபத்தொன்பது. சம்பளம் குறைவு, வாய் அதிகம்.

"இங்க வர்ற எல்லாரும் பொண்டாட்டி எங்க போறா, யாரைப் பாக்கறான்னுதான் கேப்பாங்க," என்றான். "பொண்டாட்டியே கிடையாதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னது நீங்கதான் முதல்."

"டிண்டோ, சாப்பிடு," என்றாள் ஹால்யா. "நீ சொல்லும்மா."

மார்னி சொன்னாள்.

அரசாங்கம் சொந்த வீடில்லாதவர்கள் மேல் இரக்கப்பட்டு ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து வைத்திருந்தது. வருஷத்துக்கு எட்டாயிரம் டாலர் போடலாம். போட்ட பணத்துக்கு வரி கிடையாது. அது வளர்ந்தால் அதற்கும் கிடையாது. முதல் வீடு வாங்க வெளியே எடுத்தால் அப்போதும் கிடையாது. வருஷத்துக்கு எட்டாயிரம் மிச்சம் பிடிக்க முடிந்தவர்களுக்கு அது சலுகை. மற்றவர்களுக்கு பஸ் நிறுத்தத்தில் பார்க்க ஒரு விளம்பரம்.

"எனக்கும் அந்தக் கணக்கு இருக்கு," என்றான் டிண்டோ. "நானூறு டாலர். கதவுக்குக் கைப்பிடி வாங்கலாம்."

மார்னி நாலு வருஷமும் எட்டாயிரம் போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட், கிறிஸ்துமஸ் ஷிப்ட், யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர்கள் ஷிப்ட். வட்டியோடு முப்பத்தைந்தாயிரம் சேர்ந்திருந்தது. டிரான்ஸ்கோனா பக்கம் ஒரு குட்டி வீட்டுக்கு விலை பேசி, முன்பணம் கட்டி, ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குச் சாவி.

"திங்கட்கிழமை வங்கிக்கு இது வந்திருக்கு." ஒரு காகிதத்தின் நகலை மேஜையில் வைத்தாள்.

டைப் அடித்த கடிதம். டிண்டோ சத்தமாகப் படித்தான்.

"'ஐயா, உங்கள் வங்கியில் முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் மார்னி ஸ்வைன்சன், 2021 அக்டோபர் முதல் திரு. லோர்ன் கட்மோரின் சொந்த வீட்டில் அவருடைய துணைவியாக வாழ்ந்து வருகிறார். வாடகைக்கு இருப்பவள் வீட்டுக்காரரின் வண்டியில் பனி துடைப்பாளா? புகைப்படம் இணைத்துள்ளேன். இப்படிக்கு, நேர்மையான வரி செலுத்துபவன்.' பாஸ், பேரு போடாதவன் தன்னை நேர்மைன்னு சொல்லிக்கிறான்."

கணக்கில் இருந்த கொக்கி இதுதான். சொந்த வீட்டில் குடியிருப்பவர் அந்தக் கணக்கைத் திறக்க முடியாது. புருஷனுடைய வீட்டிலோ மனைவியுடைய வீட்டிலோ குடியிருந்தாலும் முடியாது. மோதிரம், பாதிரியார், கேக் எதுவும் தேவையில்லை. ஒரு வருஷம் காதலோடு ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டால் வரி இலாகாவின் கண்ணில் இருவரும் தம்பதி. காதலை மாதக் கணக்கில் அளக்கக்கூடிய ஒரே இலாகா அதுதான். ஹால்யா அதில் பதினாறு வருஷம் அளந்தவள்.

"கடிதம் உண்மைன்னா கணக்கே செல்லாது," என்றாள் மார்னி. "விஷயம் தீர்ற வரைக்கும் பணத்தை விட முடியாதுன்னு வங்கியில சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை நான் பணம் கட்டலேன்னா முன்பணம் பத்தாயிரமும் போயிடும், வீடும் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"லோர்ன் கட்மோர் யாரு?"

"வீட்டுக்காரர். நான் அவரோட பேஸ்மென்ட்ல இருக்கேன். அவர் மேல, நான் கீழ."

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஏதாவது உண்டா?"

மார்னி மடியிலிருந்த கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரியாக அடுக்கினாள்.

"இல்ல மேடம். எதுவும் கிடையாது."

"அப்ப அவர் வண்டியை ஏன் துடைச்சே?"

"எனக்கு ஆறு மணிக்கு ஷிப்ட். என் காரைத் துடைக்கறேன், கையில பிரஷ் இருக்கு, பக்கத்துலயே அவர் லாரி நிக்குது. துடைச்சேன்."

"இந்த ஊர்ல அடுத்தவன் வண்டியில பனி துடைச்சா கல்யாணம்னா, எங்க தெருவுல நான் பதினோரு பேருக்குப் புருஷன்," என்றான் டிண்டோ. "அதுல ரெண்டு பேர் பாதிரியார்."

ஹால்யா புகைப்படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வாசலில் ஒரு பழைய நீலக் கார், பக்கத்தில் பெரிய பிக்கப் லாரி. மார்னி எட்டி எட்டி லாரியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு வண்டிகளின் மூக்கிலிருந்தும் மின்வயர் சுவருக்குப் போகிறது. விடியுமுன் என்ஜினைச் சூடாக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாது என்பது இங்கே பால்குடிக் குழந்தைக்கும் தெரியும்.

"அந்த வீட்டுக்குப் போட்டியா விலை கேட்டவங்க யாராவது இருந்தாங்களா?" என்று டிண்டோ கேட்டான். "ஆமான்னா கேஸ் முடிஞ்சுது பாஸ். தோத்த வயித்தெரிச்சல்ல எழுதிட்டாங்க."

"இருந்தாங்க," என்றாள் மார்னி. "ஒரு புருஷன், பொண்டாட்டி."

"அவங்களுக்கு அக்டோபர் மாசம்னு யார் சொன்னது? எந்த வங்கின்னு யார் சொன்னது?" ஹால்யா படத்தை அவனிடம் நீட்டினாள். "கீழ் மூலையைப் பாரு. வெள்ளையா இருக்கே, அது என்ன?"

"பனி."

"கண்ணாடியில உள்பக்கமா உறைஞ்ச பனி. வீட்டுக்குள்ள இருந்து, ஜன்னல் வழியா, மேலேர்ந்து எடுத்த படம். அந்த வீட்டுல மேல இருக்கறது யாரு?"

டிண்டோ படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"வீட்டுக்காரன்! அப்ப காதல் தோல்வி. கேட்டான், மாட்டேன்னுட்டீங்க, பழி வாங்கறான். சரியா?"

"அவர் எதுவும் கேட்டதில்ல," என்றாள் மார்னி.

"சமீபத்துல அவரோட சண்டை ஏதாவது?" ஹால்யா கேட்டாள்.

"சண்டையே கிடையாது மேடம். மூணு வாரம் முன்னாடி வீடு வாங்கப் போறேன்னு சொன்னேன். எந்த வங்கின்னு கேட்டார், சொன்னேன். வாழ்த்துகள்னார். வாடகையை ரொக்கமாத்தான் குடுப்பேன், கடன் பேப்பரோட வெக்க நாலு வருஷ ரசீது வேணும்னு கேட்டேன், நாளைக்குத் தரேன்னார். பிப்ரவரி கடைசியில காலி பண்றேன்னேன், சரின்னார். நல்ல மனுஷன் மேடம். இதை அவரா எழுதியிருப்பார்?"

ஹால்யா படத்தில் ஓர் இடத்தை நகத்தால் தட்டினாள். நீலக் காரின் வயர் சுவரில் சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் கை அகலத்துக்கு ஒரு பெட்டி.

"இது?"

"டைமர் பாஸ்," என்றான் டிண்டோ. "ராத்திரி முழுக்க மின்சாரம் ஓடாம, விடிகாலையில மட்டும் ஓடும். எங்க வீட்டுலயும் இருக்கு. இதெல்லாம் ஒரு துப்பா?"

"கோட்டைப் போடு. நேர்ல பாப்போம்."

மார்னி எழுந்தாள். பூட்ஸை மாட்டிக்கொண்டே, யாரும் கேட்காமல், சொன்னாள்:

"பன்னிரண்டு வருஷமா பேஸ்மென்ட்லயேதான் இருக்கேன், மேடம். வேற வேற வீடு, ஆனா எல்லாம் பேஸ்மென்ட். நவம்பர்ல பனி ஜன்னலை மூடிடும். அப்புறம் ஏப்ரல்லதான் வெளிச்சம். அந்த வீட்டுல அடுப்பங்கரை ஜன்னல் கிழக்க பாத்து இருக்கு. எனக்கு அந்த வீடு வேணும்."

டிண்டோ இதற்கு ஏதாவது சொல்லுவான் என்று ஹால்யா பயந்தாள். அவன் சொல்லவில்லை. அவனும் பேஸ்மென்ட்டில்தான் குடியிருந்தான்.

* * *

டிண்டோவின் கார் கிளம்பியது. அதன் டயர்கள் ராத்திரிக் குளிரில் அடிப்பக்கம் தட்டையாக உறைந்து, முதல் இரண்டு மைல் தூரத்துக்குச் சதுர டயர்களாக உருண்டன. இருவரும் பேசினால் நாக்கைக் கடித்துக்கொள்ள நேரும். ஹால்யாவுக்குக் குளிர்காலத்தில் பிடித்த ஒரே விஷயம் அது.

செயின்ட் ஜேம்ஸ் பகுதியில், ஓர் அமைதியான தெருவில், லோர்ன் கட்மோரின் வீடு இருந்தது. வாசலில் அதே பிக்கப் லாரி. அதன் கதவில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: 'கட்மோர் ஃபர்னஸ். உங்கள் வீட்டின் கதகதப்பு எங்கள் பொறுப்பு.'

லாரியின் வயர் நேராகச் சுவரில் சொருகியிருந்தது. பக்கத்தில், நீலக் கார் நிற்குமிடத்தில், இன்னொரு வயர் தொங்கியது. அது சுவரில் சேரும் இடத்தில் அந்தச் சாம்பல் பெட்டி.

டிண்டோ குனிந்தான். பெட்டியின் முகத்திலிருந்த பனியை விரலால் துடைத்தான். எழுந்தபோது அவன் முகத்தில் ஒரு பரவசம் இருந்தது.

"பாஸ். இது டைமர் இல்ல. மீட்டர்."

"படி."

"நானூத்தி பன்னிரண்டு புள்ளி ஆறு யூனிட். கீழ ஸ்டிக்கர் வேற ஒட்டியிருக்கான். 'மார்னி கார்'. அவன் லாரிக்கு மீட்டர் கிடையாது. அவளுக்கு மட்டும்."

"எனக்குக் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆகுது," என்றாள் ஹால்யா. "என் புருஷன்கிட்ட ஆயிரம் குறை. ஆனா என் கார் குடிக்கிற மின்சாரத்தை அவன் அளந்ததில்ல. அளந்திருந்தா நான் இன்னிக்கு விதவை."

"காதலுக்கு ஆதாரம்னு அவனே படம் எடுத்து அனுப்பியிருக்கான். அதுலயே மீட்டரும் இருக்கு. கண்ணுல படலையா அவனுக்கு?"

"தினம் பாக்கறது யாருக்குக் கண்ணுல படும்? இந்த ஊர்ல எவன் பாத்தாலும் டைமர்னுதான் நினைப்பான். நீயே நினைச்சே."

"நான் நினைச்சதை அறிக்கையில எழுதாதீங்க."

ஹால்யா அழைப்பு மணியை அழுத்தினாள்.

* * *

கதவைத் திறந்த லோர்ன் கட்மோருக்கு நாற்பத்தேழு வயது. வெளியே மைனஸ் முப்பத்து நாலு. அவன் அரைக்கை பனியன் போட்டிருந்தான். மேல்மாடி அவ்வளவு கதகதப்பாக இருந்தது. பேஸ்மென்ட்டுக்கு இறங்கும் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், கீழ்த்தளத்தின் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி இருந்தது. அதன் மேல் ஒரு கண்ணாடிக் கூடு. கூட்டில் பூட்டு. உள்ளே முள், ஸ்வெட்டர் போட்டாலும் குளிரும் பதினாறு டிகிரியில் நின்றது.

ஹால்யா பூட்டைப் பார்த்தாள். பிறகு லோர்னைப் பார்த்து இனிமையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து வரி இலாகாவில் பலர் தாமாகவே ரசீதுகளை எடுத்து நீட்டியிருக்கிறார்கள்.

"மார்னி விஷயமா வந்தோம் சார். நான் ஹால்யா, தனியார் துப்பறிவாளர். இது டிண்டோ. நீங்க ரெண்டு பேரும் நாலு வருஷமா சேர்ந்து வாழறீங்கன்னு வங்கிக்கு ஒரு கடிதம் வந்திருக்கு."

லோர்ன் முகத்தைச் சோகமாக்கிக்கொள்ள முயன்றான்.

"யார் எழுதினாங்கன்னு எனக்குத் தெரியாது மேடம். ஆனா... இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்ட விஷயம். வங்கியில என்னைக் கூப்பிட்டுக் கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது."

"அதாவது கடிதத்துல இருக்கறது நிஜம்."

"ஒரே வீடு. ஒரே கூரை. அவ எனக்கு சூப் வெச்சுக் குடுத்திருக்கா, எனக்கு நிமோனியா வந்தப்ப. ஒரு வாரம். இதுக்கு என்ன பேரு சொல்லுவீங்க?"

"சூப்," என்றான் டிண்டோ.

"சும்மா இரு டிண்டோ. சார் மனசு விட்டுப் பேசறார்." ஹால்யா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "வாழ்த்துகள் சார். நாலு வருஷம் மூணு மாசம். இந்தக் காலத்துல கல்யாணம் பண்ணினவங்களே அவ்வளவு நாள் தாங்கறதில்ல. இந்த வீடு என்ன விலை போகும்?"

அந்தக் கேள்வி வீட்டுச் சொந்தக்காரர்களுக்கு மட்டுமே புரியும் ஓர் இன்பம். லோர்ன் தன்னை மறந்தான்.

"நாலு லட்சத்துக்குக் குறையாது மேடம். அவ வந்தப்ப மூணு லட்சத்துப் பத்தாயிரம்தான். ஏறிப்போச்சு."

"தொண்ணூறாயிரம் ஏறியிருக்கு." ஹால்யா தலையாட்டினாள். "டிண்டோ, பாதி எவ்வளவு?"

"நாப்பத்தஞ்சாயிரம் பாஸ்."

"எதுக்குப் பாதி?" என்றான் லோர்ன்.

"மூணு வருஷத்துக்கு மேல தம்பதியா வாழ்ந்து பிரிஞ்சா, சேர்ந்திருந்த காலத்துல ஏறின சொத்துல பாதி பாதி. மானிடோபா மாகாணச் சட்டம் சார். மார்னி பிப்ரவரியில பிரிஞ்சு போறா. நல்ல வக்கீலா ஒருத்தர் எனக்குத் தெரியும். நாளைக்கே அனுப்பறேன்."

லோர்னின் முகத்திலிருந்து காதல் போன வேகத்தை நேரில் பார்க்கவேண்டும். மனசு சம்பந்தப்பட்ட விஷயம், மூன்று வினாடியில் கல்லீரல் சம்பந்தப்பட்ட விஷயமாகி அவன் மஞ்சளாகிவிட்டான்.

"ஒரு நிமிஷம் மேடம். ஒரு நிமிஷம். தம்பதின்னு நான் எப்ப சொன்னேன்? அவ வாடகைக்கு இருக்கா! பேஸ்மென்ட்ல! தனி வாசல்!"

"வாடகைக்கா?"

"ஆமா மேடம்! மாசம் எண்ணூத்தி அம்பது!"

"அடடா." ஹால்யா பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். "ஐம்பத்திரண்டு மாசம். டிண்டோ?"

"நாப்பத்தி நாலாயிரத்து இருநூறு."

"அந்த நாப்பத்தி நாலாயிரத்து இருநூறை எந்த வருஷம் வருமானத்துல காட்டினீங்க சார்?"

லோர்னின் கண் வாசல் கதவுப் பக்கம் போனது.

"மார்னி உங்ககிட்ட மூணு வாரம் முன்னாடி ரசீது கேட்டா," என்றாள் ஹால்யா. "நாலு வருஷமா நீங்க ஒரு ரசீதும் குடுத்ததில்ல, ரொக்கமாத்தான் வாங்கியிருக்கீங்க. ரசீது குடுத்தா அது கடன் பேப்பரோட போகும். பேப்பர் எங்கயாவது சுத்தி வரி இலாகாவுக்குப் போகும். அதான் யோசிச்சீங்க. அவ வாடகைக்காரி இல்ல, உங்க ஆளுன்னு ஆயிட்டா ரசீதே தேவையில்ல. குடும்பச் செலவு. வீடு கைவிட்டுப் போச்சுன்னா அவளும் கீழயே இருந்துடுவா, மாசம் எண்ணூத்தி அம்பதும் வந்துட்டே இருக்கும்."

"நேர்மையான வரி செலுத்துபவன்," என்றான் டிண்டோ, அந்த மூன்று வார்த்தையையும் தனித்தனியாக.

லோர்ன் நாற்காலியில் உட்கார்ந்தான். முதலில் மறுத்தான். பிறகு புகைப்படத்தில் இருந்த கண்ணாடிப் பனியை ஹால்யா காட்டினாள். பிறகு மறுக்கவில்லை.

"அவளுக்கு இவ்வளவு பெரிய நஷ்டம் வரும்னு எனக்குத் தெரியாது மேடம். வங்கியில ஒரு கேள்வி கேப்பாங்க, வீடு தள்ளிப்போகும், அவ்வளவுதான்னு நினைச்சேன்."

"அவளோட நாலு வருஷ ஞாயித்துக்கிழமை சார் அது," என்றாள் ஹால்யா. அவள் குரலில் இனிமை தீர்ந்துபோயிருந்தது. "நீங்க இங்க பனியனோட உக்காந்திருந்தப்ப அவ கீழ பதினாறு டிகிரியில சேத்த பணம். இப்ப சொல்லுங்க. அவ உங்க மனைவியா, வாடகைக்காரியா?"

டிண்டோ போனில் கணக்குப் போட்டான். "சார், உங்களுக்குச் சுலபமா சொல்றேன். காதலிச்சிருந்தா நாப்பத்தஞ்சாயிரம். காதலிக்கலேன்னா வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேத்து ஒரு பதினேழாயிரம். நீங்களே முன்வந்து சொன்னா அபராதத்துல கொஞ்சம் தள்ளுபடிகூட உண்டு. இந்த மாகாணத்துல காதலிக்காம இருக்கறதுதான் மலிவு."

லோர்ன் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான். பிறகு நம்பிக்கையோடு நிமிர்ந்தான்.

"தங்கச்சி மாதிரின்னு எழுதினா?"

"தங்கச்சி காருக்கு மீட்டரா? அது இன்னும் அசிங்கம் சார்," என்றான் டிண்டோ.

அதோடு தீர்ந்தது. ஹால்யா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவன் முன்னால் வைத்தாள்.

"என்ன எழுதணும்?"

"நிஜத்தை. நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லமாட்டேன். நாளைக்கு யாரும் நான் மிரட்டி எழுதி வாங்கினேன்னு சொல்லக்கூடாது."

அவன் எழுதினான். எங்கேயும் நிறுத்தவில்லை, எதையும் அடிக்கவில்லை. இரண்டே நிமிஷத்தில் தாளைத் திருப்பி வைத்தான்.

'மார்னி ஸ்வைன்சன் என் வீட்டு பேஸ்மென்ட்டில் மாதம் 850 டாலர் வாடகைக்கு இருப்பவர். எங்களுக்குள் ஒருநாளும் எந்த உறவும் இருந்ததில்லை. அவரை அப்படி நினைத்துப் பார்க்க எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. இப்படியொரு பெண் வீட்டில் இருக்கிறார் என்பதே வாடகை தேதியன்றுதான் ஞாபகம் வரும்.'

ஹால்யா கடைசி இரண்டு வரிகளை மறுபடி படித்தாள்.

"இதெல்லாம் தேவையில்லையே சார்."

"நிஜத்தை எழுதுன்னீங்களே," என்றான் லோர்ன். அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பணம் மிச்சமான சந்தோஷத்தில் சொன்னான்.

தெருமுனை வக்கீலிடம் அழைத்துப்போய் முத்திரை வாங்கினார்கள். காருக்குத் திரும்பும்போது டிண்டோ குதூகலமாக இருந்தான்.

"பாஸ், அரை நாள்ல முடிச்சிட்டோம். மூஞ்சியை ஏன் இப்படி வெச்சிருக்கீங்க?"

"அந்த ரெண்டு வரியை வெட்ட முடியாது. முத்திரை விழுந்தாச்சு."

"வெட்டணுமா? அதுதானே பாஸ் வங்கிக்கு நல்ல சாட்சி!"

"ஆமா," என்றாள் ஹால்யா. "வங்கிக்கு."

* * *

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால். வங்கி மேனேஜர் ஒல்லியான மனிதர். பிரச்சினை தீர்ந்தால் எல்லாரையும்விட முதலில் தாம்தான் நம்பியிருந்ததாகச் சொல்லும் வகை.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார். "பாருங்க, இந்த வாக்குமூலம் ரொம்பத் தெளிவா இருக்கு. இதைவிடத் தெளிவா நான் பாத்ததில்ல. பணம் இன்னும் பத்து நிமிஷத்துல உங்க வக்கீலுக்குப் போயிடும். ஒரே ஒரு சடங்கு பாக்கி. இதை நீங்க படிச்சுப் பாத்து, இதுல உள்ளது உண்மைன்னு கீழ கையெழுத்துப் போடணும்."

தாளை மார்னியின் பக்கம் நகர்த்தினார்.

இன்று அவள் தலையை ஒழுங்காக வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சாவி வாங்கப் போகிறவள். தாளைச் சிரித்த முகத்தோடு எடுத்தாள். முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரி. மூன்றாவது. நான்காவது.

அங்கே நின்றுவிட்டாள்.

ஹால்யாவுக்குப் புதன்கிழமை காலையிலேயே தெரியும். எட்டி எட்டி அடுத்தவன் லாரியை விடியுமுன் துடைப்பவள் வேறு எதற்காகத் துடைப்பாள்? ஒரு வாரம் சூப் வைத்துக் கொடுத்தவள் வேறு எதற்காகக் கொடுப்பாள்? அவள் அந்த மனிதனை விரும்பியிருந்தாள். நாலு வருஷமாக, ஒரு வார்த்தை சொல்லாமல், எந்தச் சட்டத்துக்கும் எந்தக் கணக்குக்கும் இடைஞ்சல் இல்லாமல், கீழ்த்தளத்தில் இருந்துகொண்டே விரும்பியிருந்தாள். அவன் கேட்டிருந்தால் ஒருவேளை வீடே வாங்கியிருக்கமாட்டாள். அவனுடைய கடைசி வரியை இப்போது அவள் உண்மையென்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் வீடு.

"மேடம்." மார்னி தலையை நிமிர்த்தவில்லை. "இதை அவரே எழுதினாரா? இல்ல, நீங்க சொல்லச் சொல்ல எழுதினாரா?"

டிண்டோ வாயைத் திறந்தான். அவனுக்கு விடை தெரியும், அதைச் சொல்வதற்கு நல்ல ஜோக்கும் தயாராக இருந்தது. மேஜைக்குக் கீழே ஹால்யாவின் பூட்ஸ் அவன் காலை அழுத்தி மிதித்தது.

"நான்தான் சொன்னேன்," என்றாள் ஹால்யா. "வார்த்தைக்கு வார்த்தை என்னோடது. வங்கிக்கு இப்படி அழுத்தமா எழுதினாத்தான் எடுபடும். அவருக்கு எழுதவே மனசில்ல. கடைசி வரிக்கு மாட்டேன்னுட்டார். மூணு தரம் பேனாவைக் கீழ வெச்சார்."

"மூணு தரமா?"

"மூணு தரம்."

பதினாறு வருஷம் அடுத்தவர் பொய்யைப் பிடித்தே பிழைத்தவள் அவள். தன் பொய்யில் ஓர் எண்ணைச் சேர்த்தால் அது நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மார்னி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மேனேஜரின் பேனாவை வாங்கி, 'மேற்கண்டவை யாவும் உண்மை' என்று அச்சிட்டிருந்த இடத்துக்குக் கீழே, ஓர் எழுத்தும் நடுங்காமல் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மேனேஜர் மேஜையிலிருந்த டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் பிரியமாகத் தள்ளினார்.

"அழுங்க, அழுங்க," என்றார். "முதல் வீடு வாங்கறவங்க எல்லாரும் இந்த நாற்காலியில உக்காந்து இப்படித்தான் சந்தோஷத்துல அழுவாங்க."